யாரும் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள். எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மறுக்கின்றன. சில மேலே ஏறிக்கொள்கின்றன, சில கீழே இறங்கி உட்கார்ந்துவிடுகின்றன, 'ழ' மட்டும் எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை. அப்பாவுக்குக் கை நடுங்குகிறதோ என்று பயப்படாதே. வருஷக்கணக்காகப் பீரோவும் ஃபிரிட்ஜும் தூக்கின கைக்குப் பேனா பிடிப்பது பழகாத வேலை. கனமே இல்லாத பொருளை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று தெரியாமல் முதல் வாரமே பேனாவை உடைத்துவிட்டேன். இந்தப் பக்கத்தின் நடுவில் தெரியும் ஓட்டை அழுத்தி எழுதியதால் வந்தது. எலி கடித்ததில்லை.

நான் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே நலமாக இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதிவிடச் சொல்லி டீச்சர் உத்தரவு. "நலம்னு முதல்ல போட்டுருங்க ஐயா, அப்புறம் உள்ளத எழுதலாம்" என்றார். அதனால்தான் போட்டேன்.

நூலகத்தின் பின்அறையில் நடக்கும் மாலை வகுப்பில் நான் சேர்ந்ததை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். உன் அம்மா இருந்தவரை வீட்டுக்கு வந்த காகிதமெல்லாம் அவள் கண்ணுக்குத்தான் வந்தது. அவள் போன பிறகும் காகிதங்கள் வந்துகொண்டே இருந்தன. கரண்ட் பில்லையும் கல்யாணப் பத்திரிகையையும் ஒரே மரியாதையோடு மேஜைமேல் அடுக்கி வைத்தேன். கரண்ட் போன அன்றைக்குத்தான் அதில் எது பில் என்று தெரிந்தது. மறுநாள் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது தெருவில் இறங்கினால் சுவரெல்லாம் என்னோடு பேசுகிறது பாப்பா. இங்கே வண்டி நிறுத்தாதே என்கிறது ஒரு சுவர். என்னிடம் வண்டி இல்லை, இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு நகர்கிறேன். மருந்துக் கடை வாசலில் நின்று போர்டு முழுவதையும் வாய்விட்டுப் படித்ததில், எனக்கு மயக்கம் வந்து புலம்புகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். வீட்டிலும் அப்படித்தான். சோப்பு உறை, பிஸ்கட் உறை, காலண்டர் என்று எதையும் விடுவதில்லை, எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்கிறேன். வீட்டில் ஒரு குரல் கேட்டால் நல்லதுதானே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருஷம் முடிவதற்குள் எந்த விசா என்று முடிவு சொல்லுங்கப்பா, இவர் விண்ணப்பம் போடணும் என்று நீ போனில் சொன்னாய். நானும் "சரிம்மா" என்றேன். போனில் எனக்கு வருகிற சொல் அது ஒன்றுதான். நீ சமையலோ வேலையோ பாதியில் விட்டுவிட்டுப் பேசுகிறாய் என்பது குரலிலேயே தெரிகிறது. அந்த அவசரத்தில் என்ன கேட்டாலும் எனக்கு "சரிம்மா"தான் வாயில் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பொய் சொல்வது கஷ்டம். நான் எழுதுகிற வேகத்துக்கு, ஒரு பொய்யை எழுதி முடிப்பதற்குள் அதற்கே அலுத்துவிடும். ஆகவே கீழே உள்ளதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்.

"வர்றதுக்குத் தயாரா இருங்கப்பா" என்று நீ போனில் சொன்னாயே, அங்கேதான் முதல் தப்பு நடந்தது. வீடு மாற்றும் கம்பெனியில் வேலை பார்த்தவனிடம் தயாராக இரு என்று சொல்லலாமா? அன்று மதியமே குடோனிலிருந்து அட்டைப்பெட்டிகளும் டேப்பும் வாங்கிவந்து வீட்டை முழுசாகக் கட்டிவிட்டேன். கண்ணாடிச் சாமான் தனி, துணி தனி, கனமானது அடியில், உடைவது மேலே. ஒரு குறை சொல்ல முடியாது, பார்த்தால் நீயே மெச்சுவாய். முன்பெல்லாம் பெட்டிமேல் என்ன இருக்கிறது என்று எழுதுவதற்கு மேஸ்திரி வருவார். என்னால் ஒரு உடைந்த டம்ளர் படம்தான் போட முடியும். இந்த முறை நானே எழுதினேன். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை யோசிக்கவில்லை. அப்போது எங்கள் வகுப்பு அ-அம்மா, ஆ-ஆடு என்று தொடங்கி ஓ-ஓணான் வரைதான் வந்திருந்தது. எனக்குத் தெரிந்த சொற்களை அழகாக, பெரிதாக எல்லாப் பெட்டியிலும் எழுதிவிட்டேன். அம்மா என்று எழுதிய பெட்டியில் பிரஷர் குக்கர் இருக்கிறது. உன் அம்மாவின் துணிமணி ஓணான் பெட்டிக்குள் போய்விட்டது. அவள் இருந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

பெட்டியெல்லாம் கட்டிய பிறகுதான் விசா ஏஜென்டைப் பார்க்கப் போனேன். டயர் கடைக்கு மேல்மாடியில் அவர் ஆபீஸ். கழுத்தில் டை கட்டிய சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர். உட்காரச் சொல்லிவிட்டு, "பென்ஷன் பேப்பர், பாங்க் புக்கெல்லாம் கொண்டுவந்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆட்டுல இருக்கு தம்பி."

"எதுல?"

"ஆடு, இல்லன்னா இலை. ரெண்டுல ஒண்ணுதான். பிரிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

அவர் பேனாவை வைத்துவிட்டு எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விசா வகைகளை விளக்கினார். அதை உனக்கும் அப்படியே சொல்கிறேன்.

முதலாவது ஓய்வுக்கால விசா. வயசானவர்கள் பென்ஷனோடு போய்த் தங்கிக்கொள்ளலாம் என்று சில நாடுகள் கூப்பிடுகின்றனவாம். பென்ஷன் இருக்க வேண்டும், பாங்கில் ஒரு தொகை இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி செலவுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும், போலீஸில் நம்மேல் எந்த வழக்கும் இருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் என்னிடம் நிறைய இருந்தது. ஒரு படத்தைக் காட்டினார். கடற்கரையில் தலைநரைத்த ஆணும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

"இதுல ரெண்டு பேர் இருக்காங்களே தம்பி."

"அது சும்மா படம் சார். நீங்க தனியாவும் போகலாம்."

"எம் பொண்ணு அங்கதான் இருக்காளா?"

"இல்ல சார், உங்க பொண்ணு வேற நாடு. இது வேற நாடு."

"அப்ப அங்க யாரு இருக்கா?"

அவர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "கடல் இருக்கு சார்" என்றார்.

"தனியா இருக்குறதுக்கு இங்கயே எனக்கு அனுமதி இருக்கே தம்பி. அதுக்கு எதுக்கு இன்னொரு நாட்டுல போய் விண்ணப்பம் போடணும்?"

அவர் அந்தப் படத்தை மேஜைக்குள் வைத்துவிட்டார்.

இரண்டாவது, வந்து பார்த்துவிட்டுப் போகிற விசா. சீக்கிரம் கிடைக்கும். ஆனால் கட்டாயம் திரும்பி வந்துவிடுவேன் என்பதை நம்பும்படி காட்ட வேண்டும். இங்கே விட்டுவிட முடியாதது என்று நமக்கு ஏதாவது இருக்க வேண்டுமாம். சொந்த வீடு உண்டா என்றார், வாடகை என்றேன். வேலை உண்டா என்றார், விட்டாயிற்று என்றேன். மனைவி என்றார், நான் அந்தக் கடற்கரைப் படம் உள்ளே போன மேஜையைப் பார்த்தேன், அவரே புரிந்துகொண்டு அடுத்ததற்குப் போனார். வேறு பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், கடை, நிலம், நாய், பூனை என்று அவரும் விடாமல் கேட்டார், நானும் விடாமல் இல்லை என்றேன். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார், நான் டைப் பண்றேன்" என்றார். நன்றாக யோசித்து, "செவ்வாயும் வியாழனும் வகுப்பு இருக்கு தம்பி. மெய்யெழுத்து இன்னும் முடியல" என்றேன். அவர் விரல் டைப் பண்ணாமல் அப்படியே நின்றது.

அப்புறம்தான் அவர் முகம் மலர்ந்தது. மூன்றாவதாக ஒரு விசா இருக்கிறதாம். பெற்றோர் பிள்ளையோடு போய் நிரந்தரமாகத் தங்குவது. அதற்கு நேர்மாறான தகுதி. இங்கே நமக்கு யாருமே இல்லை என்று காட்ட வேண்டும். "சார், நீங்க இப்ப சொன்னீங்கள்ல, அத்தனையும் இதுக்கு அப்படியே பொருந்துது. உங்கள மாதிரி கேஸ் கிடைக்கிறதே கஷ்டம்" என்று எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் தகுதியை இதுவரை யாரும் இப்படி மெச்சியதில்லை பாப்பா. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, படியிறங்கி வரும்வரை.

இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். ஒன்று, அதற்கு வரிசை நீளம், வருஷங்கள் ஆகும். எத்தனை வருஷம் என்று கேட்டதற்கு என் தலைமுடியைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார், "பொறுமையா இருக்கணும் சார்" என்றார். இன்னொன்று, எனக்கு இங்கே யாரும் இல்லை என்று என் கைப்பட எழுதி, அதற்குக் கீழே ஒரு சாட்சி கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டும். சாட்சி யார் தெரியுமா? என்னை ரொம்ப வருஷமாக நெருக்கமாகத் தெரிந்தவராக இருக்க வேண்டுமாம். எனக்கு யாருமே இல்லை என்பது அப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியுமாம்.

அப்படி எனக்கு இருப்பது ஒட்டகம் ஒருவன்தான். உனக்கு நினைவிருக்கும், உயரமாய், கூன் விழுந்தவன், நீ சின்ன வயசில் அவன் தோள்மேல் ஏறி மின்விசிறியைத் தொட்டிருக்கிறாய். நானும் அவனும் ஒரு ஜோடி. மாடியிலிருந்து ஃபிரிட்ஜ் இறக்கினால் கீழ்ப்பக்கம் அவன், மேல்பக்கம் நான். எங்கள் பேச்செல்லாம் நடுவில் ஒரு ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டுதான் நடக்கும். பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பழக்கமே இல்லை. இப்போது அவன் குடோன் பின்அறையில், யாரோ எடுத்துப்போகாமல் விட்ட சோபாவில், காவலுக்கு என்று பேர் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்து என் சமையலைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவான்.

நான் எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் முழுப்பக்கம் அது. காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "படிடா, கேப்போம்" என்றான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெருமையாகப் படித்தேன்.

"எனக்கு இங்கே சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை."

"யாரும்னா?"

"யாரும்னா யாரும்தான்டா."

"அப்ப இங்க உக்காந்து உனக்கு டீ ஊத்துறவன்?"

"அது கணக்குல வராது. அவங்க கேக்குறது ரத்த சொந்தம்."

"ரத்தமா? அந்தப் பியானோ என் காலுல விழுந்தப்ப வந்துச்சே, அதுக்குப் பேரு என்ன? தக்காளிச் சாறா?"

"உன் பக்கத்த நீ விட்ட, விழுந்துச்சு."

"நான் விட்டனா? இறக்குன்னு சொன்னது யாரு?"

பியானோவுக்குச் சொந்தக்காரர்கூட எப்போதோ மறந்திருப்பார், நாங்கள் மறக்கவில்லை. அதைச் சண்டை போட்டு முடித்துவிட்டுத்தான் மறுபடி விஷயத்துக்கு வந்தோம். நான் காகிதத்தை நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"யாருமே இல்லாதவனுக்கு நான் எப்படிறா சாட்சி சொல்றது? போ, போய் வேற ஆளப் பாத்து வாங்கிக்கோ" என்றான்.

வேறு ஆள் யார் என்று தெருமுனை வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

பயப்படாதே, மறுநாளே சமாதானமாகிவிட்டோம். அவனே தேடி வந்தான். இப்போதெல்லாம் தினமும் வருகிறான், வீடு கலகலப்பாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்களும் அடிக்கடி கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள், சில நாள் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்கிறேன். பெட்டிகளையெல்லாம் பிரித்துச் சாமான்களைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். வகுப்பில் நான்தான் முதல் மாணவன். ஒரு நாள் வராவிட்டால் டீச்சருக்குப் பாடம் ஓடுவதில்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு நான் எப்படி வருவது, நீயே சொல்.

உன் வீட்டைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். நீயும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போவீர்கள், பேத்தி பள்ளிக்கூடம் போவாள், நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். இங்கே இருக்கிற ஜன்னல் எனக்குப் பழகிவிட்டது. அங்கே சுவரில் இருக்கிற எழுத்தும் வேறு. இப்போதுதான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன், அங்கே வந்து மறுபடி கைநாட்டாக வேண்டுமா? அதோடு நான் சத்தமாகப் படிக்கிற பழக்கம் மாப்பிள்ளைக்குப் பிடிக்குமோ என்னவோ. ஆகவே மூன்று விசாவும் வேண்டாம் பாப்பா. நிம்மதியாக முடிவு செய்துவிட்டேன். நீயும் நிம்மதியாக இரு, உனக்கும் ஒரு வேலை மிச்சம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு என் முத்தம். அவள் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைக்கச் சொன்னேனே, போடுகிறாயா? வேளைக்குச் சாப்பிடு. போனை ஒரு கையில் வைத்துக்கொண்டு அடுப்பில் வேலை செய்யாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா
(கையெழுத்து. நானே போட்டது.)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம். ஒட்டகம். சண்டைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வருகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். "யாருக்கு?" என்று கேட்டான். பாப்பாவுக்கு என்றேன். "படி" என்றான். பாப்பா, நான் எழுதியதை எல்லாம் முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று. எழுதும்போது சரியாகத்தான் இருந்தது. படிக்கும்போது கேட்க என்னவோ போல இருந்தது.

அவன் கடைசி வரி வரை கேட்டான். முடிந்த பிறகுதான் தொடங்கினான்.

"தினமும் வர்றனா நானு?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"எதிர்வீடு காலியாத்தானடா கெடக்கு. பூட்டு தொங்குது, இப்பத்தான் பாத்துட்டு வரேன்."

"ஆளு வந்துருவாங்க."

"பெட்டியெல்லாம் பிரிச்சாச்சுன்னு எழுதியிருக்க. அப்ப நான் எதுமேல உக்காந்திருக்கேன்?"

"ஓணான் மேல."

அதில் உன் அம்மா துணி இருக்கிறது என்று சொன்னேன். உடனே எழுந்து பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கொண்டான். "பொய் எழுதத்தான் பள்ளிக்கூடம் போனியா நீ?" என்றான். "பெத்த பொண்ணு வாங்கப்பான்னு கூப்பிடுது. வரலன்னு எழுதுறான் பாரு. எவனுக்காக வரலங்குற? எனக்காகவா? நான் கேட்டனா உன்ன?" என்றான். "அந்தப் பேப்பர எடு" என்றான்.

மை டப்பா எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை. அவன் கட்டைவிரலைப் பிடித்து என் பேனாவாலேயே தேய்த்துத் தேய்த்து மை ஏற்றினேன். டேப் அறுத்து அறுத்துத் தழும்பான விரல், மை பிடிக்க மாட்டேன் என்றது. இவ்வளவு வருஷத்தில் அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. எனக்கு யாரும் இல்லை என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே விரலை வைத்து, பீரோவைச் சுவரோடு சேர்ப்பது போல அழுத்தினான். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது, "அங்க போயி எனக்கும் கடுதாசி போடு" என்றான். உனக்குப் படிக்கத் தெரியாதேடா என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "செவ்வாக்கிழம எத்தன மணிக்கு அந்த வகுப்பு?" என்று கேட்டான். வரிசை நீளமாக இருப்பது நல்லதாகப் போயிற்று பாப்பா. அவன் மண்டையில் ஏறுவதற்கு நாள் பிடிக்கும்.

ஆகவே அந்த மூன்றாவது விசாவுக்கே மாப்பிள்ளையை எழுதிப்போடச் சொல். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் பார்த்தேன், இதற்கே விரல் வலிக்கிறது, அப்படியே அனுப்புகிறேன். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். அந்தக் கடிதத்தில் நான் வரவில்லை என்று எழுதியிருந்தால் நம்பாதே.